12 நிமிஷம், ஒரு மண்டபம், 20 பெற்றோர் வேண்டும்: ஸ்லைடு எப்படிச் செய்வது?

செந்தூல் வாசி | செவ்வாய், இரவு 10.40

வணக்கம் எல்லோருக்கும். நான் கோலாலம்பூர், செந்தூல் பக்கம். பிள்ளை படிக்கும் தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளராக இருக்கிறேன். அடுத்த மாதம் ஆண்டுப் பொதுக்கூட்டம், எனக்கு 12 நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார்கள். முதலாம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலையில் வாசிப்பு வகுப்பு தொடங்கப்போகிறோம். மாதம் ஒரு சனிக்கிழமை 2 மணி நேரம் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்க 20 பெற்றோர் வேண்டும். கேட்கப்போவது இவ்வளவுதான்.

போன வருஷமும் இதையேதான் கேட்டேன். மூன்று ராத்திரி கண்விழித்து 34 ஸ்லைடு செய்தேன். வாசிப்பு ஏன் முக்கியம், மூளை எப்படி எழுத்தைப் படிக்கிறது, பள்ளியின் வரலாறு, எல்லாம் இருந்தது. 3 பேர் பெயர் கொடுத்தார்கள். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லாத்தான் பேசினே கண்ணு, ஆனா நாங்க என்ன செய்யணும்னு கடைசிவரைக்கும் சொல்லலியே” என்றார். சொல்லியிருந்தேன். 29ஆவது ஸ்லைடின் அடிவரியில். ஒரு வருஷமாக அது மனதை உறுத்துகிறது.

எத்தனை ஸ்லைடு வைக்கலாம், எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், தமிழிலா மலாயிலா, கருநீலப் பின்னணி நன்றாக இருக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பட்டர்வொர்த் பொறியாளர் | செவ்வாய், இரவு 11.25

சகோதரி, எத்தனை ஸ்லைடு என்பதை அப்புறம் பார்ப்போம். 29ஆவது ஸ்லைடின் அடிவரி என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கொலம்பியா விண்கலம்தான் ஞாபகம் வந்தது.

2003 ஜனவரி 16 அன்று அது கிளம்பி ஒன்றரை நிமிஷத்துக்குள் வெளிப்புற எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைக்காப்பு ஒரு துண்டு பெயர்ந்து இடப்பக்க இறக்கையில் அடித்தது. விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே, அந்த அடியால் ஆபத்து உண்டா என்று பொறியாளர்கள் கணக்குப் பார்த்து நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பைப் படித்தால் பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். அதன் கீழே புள்ளிக்குள் புள்ளி, அதற்குள் இன்னொரு புள்ளி. எல்லாவற்றுக்கும் கீழே, கடைசி வரியில், சிறிய எழுத்தில் இருந்ததுதான் முக்கியமான விஷயம்: அடித்த துண்டின் அளவு மதிப்பீட்டில் 1,920 கன அங்குலம், சோதனையில் வைத்துப் பார்த்த துண்டு வெறும் 3 கன அங்குலம். அதாவது 640 மடங்கு பெரியது. கையில் இருந்த சோதனையை வைத்து எதுவும் சொல்லவே முடியாது என்று அர்த்தம். அது யார் கண்ணிலும் உறைக்கவில்லை. பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும்போது விண்கலம் உடைந்து 7 பேரும் இறந்தார்கள், நம் கல்பனா சாவ்லாவும் அதில் ஒருவர். ஸ்லைடுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, அடிப்படைக் காரணங்கள் வேறு நிறைய. ஆனால் விசாரணைக் குழு தன் அறிக்கையில் அந்த ஸ்லைடை, தகவல்களைக் காட்சிப்படுத்துவதில் வல்லுநரான எட்வர்ட் டஃப்டி பிரித்துக் காட்டியதைச் சேர்த்தது. இப்படி எழுதினால் உயிர் ஆபத்து இருப்பதே மேலதிகாரிக்குத் தெரியாமல் போகலாம் என்று பதிவும் செய்தது.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். காலைக் கூட்டத்தில் ஆளுக்கு 5 நிமிஷம். முன்பெல்லாம் தலைப்பில் ‘யீல்டு நிலவரம்’ (பழுதில்லாமல் தேறும் பொருள்களின் விகிதம்) என்று போடுவேன். இப்போது ‘3ஆம் மெஷினை இன்று நிறுத்திப் பழுது பார்க்க வேண்டும்’ என்று போடுகிறேன், கீழே அதற்கு ஆதாரமாக ஒரே ஒரு வரைபடம். தலைப்பு என்பது ஒரு முழு வாக்கியம், அதில் வினைச்சொல் இருக்க வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான். ‘வாசிப்புத் திட்டம்’ என்று எழுதாதீர்கள். ‘மாதம் ஒரு சனிக்கிழமை, 2 மணி நேரம் வாருங்கள்’ என்று எழுதுங்கள். அதை முதல் நிமிஷத்திலேயே காட்டுங்கள், கடைசி நிமிஷத்தில் மறுபடியும் காட்டுங்கள்.


பாயான் பாரு பொருளாளர் | புதன், காலை 7.10

அண்ணன் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் மறுப்பு உண்டு. எங்கள் ஆலயக் கூட்டத்தில் நான் கணக்கு காட்டுகிறேன். உபயம், அன்னதானம், மின்சாரம், சாயம் அடித்த செலவு என்று 40 வரி இருக்கும். அதைச் சுருக்கி ஒரு வாக்கியமும் ஒரு படமும் போட்டால், “ஏன் மறைக்கிறீர்கள்” என்று எழுந்து நின்று கேட்பார்கள். கேட்பதில் தப்பும் இல்லை, அவர்கள் கொடுத்த காசு. எல்லாவற்றையும் திரையில் காட்டினால்தான் நம்பிக்கை வருகிறது. ஸ்லைடில் சொல் குறைய வேண்டும் என்பது கம்பெனிக்காரர்களுக்குச் சரி, நம் சங்கம் கோயில் கூட்டங்களுக்குச் சரிப்படுமா?


பட்டர்வொர்த் பொறியாளர் | புதன், பிற்பகல் 1.05

நல்ல கேள்வி, பொருளாளரே. 40 வரியையும் கட்டாயம் காட்டத்தான் வேண்டும், ஆனால் தாளில். ஒரு ஏ4 தாளில் 40 வரி தாராளமாக அடங்கும், கையில் பிடித்து விரல் வைத்துக் கூட்டிப் பார்க்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோய் மருமகனிடம் காட்டிக் கேட்கலாம். அதே 40 வரி திரையில் வந்தால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியாது. தெரியாததைக் காட்டுவதும் மறைப்பதும் பார்ப்பவருக்கு ஒன்றுதான். தாளை வாசலிலேயே கொடுத்துவிட்டு, திரையில் ‘இந்த வருஷம் சாயத்துக்குத்தான் அதிகம் செலவு’ என்று போட்டு, “கையிலுள்ள தாளில் 12ஆம் வரியைப் பாருங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். அமேசானில் ஜெஃப் பெசோஸ் 2004இல் மூத்த அதிகாரிகள் கூட்டத்தில் பவர்பாயிண்டையே நிறுத்திவிட்டு, 6 பக்கக் குறிப்பைக் கூட்டத் தொடக்கத்தில் எல்லோரும் மௌனமாகப் படிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். விவரம் நிறைய இருந்தால் அதற்குத் தாள்தான் இடம்.


பிரிக்ஃபீல்ட்ஸ் அச்சகம் | புதன், மாலை 6.30

எழுத்து பற்றிக் கேட்டீர்கள் அக்கா, அது என் தொழில். 20 வருஷமாகத் திருமண அழைப்பிதழ், கோயில் மலர், பதாகை என்று தமிழ் எழுத்தோடுதான் பொழுது போகிறது. ஆங்கில ஸ்லைடுக்குச் சொல்லும் விதிகளை அப்படியே தமிழுக்குப் பொருத்தினால் கெட்டுப்போகும், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் வரி இடைவெளி. தமிழில் மேலே கி கீ என்று கொம்பு சுழியும், கீழே கு கூ து தூ என்று வால் இறங்கும். வரிகளை நெருக்கினால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் சுழியும் முட்டிக்கொள்ளும், தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே கறுப்புத் திட்டாகத் தெரியும். 1.2, 1.3 வரைக்கும் இடைவெளி விடுங்கள். அப்புறம், தமிழ்ச் சொல் நீளம். ‘பெற்றோர்களுக்கான’ ஒரு சொல்லே பாதித் திரையைப் பிடித்துவிடும். ஆகவே இரண்டு ஓரமும் நேராக இருக்கட்டும் என்று ஜஸ்டிஃபை போடாதீர்கள், சொல்லுக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டை விழும். இடப்பக்கம் சேர்த்து விட்டுவிடுங்கள். சாய்வெழுத்து வேண்டாம், தமிழுக்கு அது இயல்பில்லை, படிக்கவும் கஷ்டம். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டவும் வேண்டாம், ‘கொ’ என்பதில் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். ரொம்பத் தடித்த எழுத்தைச் சின்ன அளவில் போட்டால் ண, ஞ, ஐ இவற்றின் சுழிகளெல்லாம் அடைத்துக்கொள்ளும். தலைப்புக்கு மட்டும் தடிப்பு போதும்.

எழுத்துரு விஷயத்தில் பழைய காலத்து எழுத்துருக்களில் அடித்து வைத்திருக்கிற கோப்பு இருந்தால் அதை நம்பிப் போகாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் ரோமன் எழுத்துகளும் குறிகளுமாக வரும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் அடியுங்கள். விண்டோஸில் நிர்மலா இருக்கிறது, மேக்கில் இணைமதி, தமிழ் சங்கம் இரண்டும் இருக்கின்றன, இந்த இரண்டையும் வடிவமைத்தவர் நம் மலேசிய முத்து நெடுமாறன், 1985இலேயே முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியவர். எல்லாக் கணினிக்கும் பொதுவாக வேண்டும் என்றால் நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம். எதைப் போட்டாலும் சேமிக்கும்போது எழுத்துருவைக் கோப்புக்குள் பதிக்கும் விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள், கூடவே ஒரு பி.டி.எஃப். பிரதியும் எடுத்து வையுங்கள்.


செந்தூல் வாசி | புதன், இரவு 9.50

அண்ணே, எழுத்து எத்தனை பாயிண்ட் என்று சொல்லவில்லையே? இணையத்தில் கை கவாசாகி என்ற அமெரிக்கத் தொழில்முனைவரின் 10, 20, 30 கணக்கைப் பார்த்தேன், 10 ஸ்லைடு, 20 நிமிஷம், 30 பாயிண்டுக்குக் குறையாத எழுத்து. அதை வைத்துக்கொள்ளவா?


பிரிக்ஃபீல்ட்ஸ் அச்சகம் | புதன், இரவு 10.35

அவர் அதைச் சொன்னது முதலீட்டாளர்களிடம் பணம் கேட்டுப் போகிறவர்களுக்கு. சின்ன அறை, நாலைந்து பேர். 30 நல்ல தொடக்கம்தான், ஆனால் பாயிண்ட் எண்ணை மட்டும் நம்ப முடியாது. பழைய 4:3 ஸ்லைடின் அகலம் 10 அங்குலம், இப்போதைய 16:9 ஸ்லைடின் அகலம் 13.33 அங்குலம். இரண்டும் ஒரே அகலத் திரையில் விழும்போது, அகல ஸ்லைடில் போட்ட 28, பழைய ஸ்லைடில் போட்ட 21 அளவுக்குத்தான் தெரியும். ஆகவே இப்படிச் சோதித்துப் பாருங்கள். மண்டபத்தில் திரையிலிருந்து கடைசி நாற்காலி வரை அளந்துகொள்ளுங்கள், திரையின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். 15 மீட்டர் தூரம், 2.4 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம், அப்படியானால் தூரம் அகலத்தைப் போல் ஆறேகால் மடங்கு. 14 அங்குல மடிக்கணினித் திரையின் அகலம் சுமார் 31 சென்டிமீட்டர், அதை ஆறேகாலால் பெருக்கினால் கிட்டத்தட்ட 2 மீட்டர். வீட்டில் ஸ்லைடை முழுத்திரையில் போட்டுவிட்டு 2 மீட்டர் தள்ளி நின்று படியுங்கள். உங்கள் மாமியாரையும் நிற்கச் சொல்லிப் படிக்கச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்தால் கடைசி வரிசைக்கும் தெரியும்.

கருநீலப் பின்னணி வேண்டாம். புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது, வெளிச்சத்தைத்தான் வீச முடியும். அது கறுப்பாகக் காட்டும் இடமெல்லாம் வெள்ளைத் திரையில் வெளிச்சம் படாத இடம்தான். நம் பள்ளி மண்டபங்களில் சன்னல் திறந்திருக்கும், காலை வெயில் உள்ளே வரும். அந்த வெயிலில் உங்கள் கருநீலம் சாம்பலாகிவிடும், அதன் மேல் இருக்கும் மஞ்சள் எழுத்து மங்கிப்போகும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துதான் அந்த இடத்துக்கு நிற்கும்.


பந்தாய் மாணவி | வியாழன், காலை 11.15

நான் கல்வித்துறையில் முதுகலை செய்கிறேன். மொழி பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன் அக்கா.

ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளர் இதைப் பல வருஷம் சோதித்திருக்கிறார். படத்தைக் காட்டி வாயால் விளக்கினால் புரிகிறது. அதே விளக்கத்தை வார்த்தை மாறாமல் திரையிலும் எழுதிப் போட்டால் பொதுவாகப் புரிதல் குறைகிறது. ஏனென்றால் நாம் பேசும் வேகத்தைவிடக் கண் வேகமாகப் படித்துவிடும், காதும் கண்ணும் ஒரே வாக்கியத்தின் வேறு வேறு இடத்தில் நிற்கும், இரண்டையும் ஒட்டவைப்பதிலேயே மனம் களைத்துப்போகும். ஆனால் இதற்கு விதிவிலக்கு உண்டு. கேட்கும் மொழி தனக்கு முதல்மொழியாக இல்லாதவருக்குத் திரையில் எழுத்து இருப்பது உதவும். நம் கூட்டத்தில் இதுதான் சிக்கல். தமிழ் மட்டும் படிக்கும் பாட்டி இருக்கிறார், தேசியப் பள்ளியில் படித்து வந்ததால் தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத அப்பா இருக்கிறார், பேசவே தயங்கும் அம்மாவும் இருக்கிறார்.

இரண்டு மொழியையும் ஒரே ஸ்லைடில் போட்டால் எல்லாம் இரண்டு மடங்காகி எழுத்து பாதியாகச் சுருங்கும். என் யோசனை: திரையில் தமிழ் மட்டும், ஸ்லைடுக்கு ஒரு வாக்கியம். எண்களைப் பெரிதாகப் போடுங்கள், 2 மணி, 20 பேர் என்பதற்கு மொழியே வேண்டாம். பேசும்போது முக்கியமான இரண்டு இடத்தில் மலாயிலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். பொருளாளருக்கு அண்ணன் சொன்ன அந்தத் தாளில் மலாய் முழுமையாக இருக்கட்டும்.

இன்னொன்று. வரைபடத்தில் சிவப்பு மோசம், பச்சை நல்லது என்று நிறத்தை மட்டும் வைத்துக் காட்டாதீர்கள். இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், மண்டபத்தில் அப்படி ஒரு அப்பா இருக்கலாம். கட்டத்தின் மேலேயே எண்ணையும் பெயரையும் எழுதிவிடுங்கள்.


கெப்போங் டீச்சர் | வியாழன், மாலை 4.40

அம்மாடி, நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. 31 வருஷம் தமிழ்ப்பள்ளியில் இருந்தேன். கரும்பலகை, மணிலா அட்டை, ஓ.எச்.பி. (கண்ணாடித் தாளில் எழுதியதைத் திரையில் காட்டும் கருவி) எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் பவர்பாயிண்டுக்கு வந்தேன். 1987இல் மெக்கின்டாஷ் கணினிக்கு அது முதன்முதலில் வந்தபோது, அந்த ஓ.எச்.பி. தாள்களைச் செய்து தருவதுதான் அதன் வேலை.

கரும்பலகையில் எழுதும்போது சொல்லச் சொல்ல எழுத்து வரும், பிள்ளைகளின் கண் சுண்ணாம்புக்கட்டியின் நுனியோடு நகரும். ஸ்லைடில் எல்லாம் ஒரேயடியாக வந்து விழுகிறது. அதனால் நீ பேசுவது எதுவோ அது மட்டும் திரையில் இருக்கட்டும், அடுத்தது அடுத்த ஸ்லைடில் வரட்டும். பேசும்போது திரையில் ஒன்றும் தேவையில்லை என்றால் விசைப்பலகையில் ஆங்கில பி (B) எழுத்தை அழுத்து, திரை கறுப்பாகிவிடும், முகமெல்லாம் உன் பக்கம் திரும்பும். மறுபடி அழுத்தினால் ஸ்லைடு வந்துவிடும். அந்தப் பாட்டியைப் பற்றிச் சொல்லும் நேரம் அப்படிச் செய். திரைக்கு முதுகு காட்டாமல், திரையைப் படிக்காமல், அவர்களைப் பார்த்துச் சொல்.

வீட்டில் வாய்விட்டு மூன்று தடவை சொல்லிப் பார், கடிகாரத்தை வைத்துக்கொண்டு. மனதுக்குள் சொன்னால் 12 நிமிஷம் 7 நிமிஷமாகத்தான் தோன்றும்.


செந்தூல் வாசி | ஞாயிறு, இரவு 8.20

எல்லோரும் சொன்னதை வைத்து உட்கார்ந்து செய்தேன், 6 ஸ்லைடு வந்திருக்கிறது.

முதல் ஸ்லைடில் ‘மாதம் ஒரு சனிக்கிழமை 2 மணி நேரம் தாருங்கள்’. இரண்டாவதில் காலி வகுப்பறையின் படம், சின்ன நாற்காலிகள், ‘இங்கே பிள்ளைகள் வருவார்கள், பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும்’. மூன்றாவதில் ஒரு பிள்ளை வாசிக்கும் படம். நான்காவதில் அந்த 2 மணி நேரத்தில் பெற்றோர் செய்ய வேண்டியது: கேட்பது, தடுமாறினால் உதவுவது, பாராட்டுவது. ஐந்தாவதில் 20 கட்டம், வாரத்துக்கு 5 பேராக நாலு சனிக்கிழமை. ஆறாவதில் முதல் ஸ்லைடே மறுபடியும்.

‘நன்றி’ ஸ்லைடு போடவில்லை. கேள்வி கேட்கும் நேரம் முழுக்க எது திரையில் நிற்க வேண்டும் என்று யோசித்தபோது, நான் கேட்க வந்ததுதான் நிற்க வேண்டும் என்று தோன்றியது. சரியா?


பந்தாய் மாணவி | ஞாயிறு, இரவு 9.05

ரொம்பச் சரி. மூன்றாவது மட்டும் யோசியுங்கள் அக்கா. அது நம் பள்ளிப் பிள்ளையின் முகமா? அப்பா அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும், அதுவும் வாசிக்கச் சிரமப்படுகிற பிள்ளை என்று மண்டபமே பார்க்கும்போது. இணையத்தில் எடுத்த வெளிநாட்டுப் பிள்ளை படமும் வேண்டாம், ஒட்டாது. புத்தகத்தின் மேல் விரல் வைத்திருக்கும் கையை மட்டும் படமெடுங்கள்.


கெப்போங் டீச்சர் | ஞாயிறு, இரவு 9.30

ஐந்தாவது ஸ்லைடின் 20 கட்டத்தை மணிலா அட்டையிலும் வரைந்து வாசல் பக்கம் ஒட்டு அம்மாடி. கயிறு கட்டி ஒரு மார்க்கர் தொங்கவிடு. ஸ்லைடு போனதும் கண்ணிலிருந்து போய்விடும், அட்டை அங்கேயே இருக்கும்.


செந்தூல் வாசி | ஞாயிறு, பிற்பகல் 3.15 (மூன்று வாரம் கழித்து)

இன்று காலைதான் கூட்டம் முடிந்தது. முதலில் தொழில்நுட்பத்தைச் சொல்லிவிடுகிறேன், இனிமேல் படிப்பவர்களுக்கு உதவும். மண்டபத்துப் புரொஜெக்டர் பழைய 4:3. என் ஸ்லைடு அகலமானது, மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து படம் சின்னதாகிவிட்டது. அரை மணி முன்னாடி போனதால் ஸ்லைடு அளவை மாற்றி, நகர்ந்துபோன இரண்டு தலைப்பைச் சரிசெய்ய நேரம் கிடைத்தது. எழுத்துருவைப் பதித்திருந்ததால் தமிழுக்கு ஒன்றும் ஆகவில்லை. சன்னல் எல்லாம் திறந்துதான் இருந்தது, வெள்ளைப் பின்னணி நன்றாகவே தெரிந்தது.

11 நிமிஷத்தில் முடித்தேன். பாட்டி கதை வரும்போது பி அழுத்தினேன் டீச்சர், அந்த அமைதியை இப்போது நினைத்தாலும் சிலிர்க்கிறது. கேள்வி நேரம் முழுக்க ஆறாவது ஸ்லைடு நின்றது. ஒரு அப்பா அதைப் பார்த்துக்கொண்டே, “எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, நான் வரலாமா?” என்று மலாயில் கேட்டார். பிள்ளை உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும், நீங்கள் கேளுங்கள் என்றேன். முதலில் எழுந்து போய் அட்டையில் பெயர் எழுதியவர் அவர்தான்.

மண்டபத்தைப் பூட்டும்போது 17 கட்டம் நிறைந்திருந்தது. மூன்றாவது சனிக்கிழமைக்கு மட்டும் 3 இடம் காலி. அட்டையைக் கழற்றிப் பள்ளி அலுவலகத்துக்கு வெளியே ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன், நாளை காலை பிள்ளைகளை விட வருகிறவர்கள் பார்ப்பார்கள்.


பாயான் பாரு பொருளாளர் | ஞாயிறு, இரவு 7.45

வாழ்த்துகள் சகோதரி. எங்கள் கூட்டம் அடுத்த ஞாயிறு. 40 வரிக் கணக்கைத் தாளில் அடித்துவிட்டேன், திரைக்கு 4 ஸ்லைடு. சாயச் செலவு வரைபடத்தை இங்கே போடுகிறேன், எண்கள் கடைசி வரிசைக்குத் தெரியுமா என்று அச்சக அண்ணன் கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா? மண்டபம் 18 மீட்டர் நீளம், திரை 2 மீட்டர் அகலம்.


பிரிக்ஃபீல்ட்ஸ் அச்சகம் | ஞாயிறு, இரவு 8.30

9 மடங்கு தூரம். மடிக்கணினியிலிருந்து 2.8 மீட்டர் தள்ளி நின்று பார்த்தேன், கட்டத்தின் மேலுள்ள எண்கள் தெரிகின்றன, கீழே உள்ள மாதப் பெயர்கள் தெரியவில்லை. 12 மாதப் பெயரையும் எழுத வேண்டாம், சாயம் அடித்த அந்த இரண்டு மாதத்தின் பெயரை மட்டும் பெரிதாகப் போட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். முடிந்தால் நாற்காலிகளை மூன்று வரிசை முன்னால் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.